கார் லைட்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் அப்பா நல்ல மனுஷர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப் போவதைக் கேட்டால் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். எனக்கு இன்றைக்கும் வருகிறது.

அவரிடம் ஒரு கார் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். ஏதோ ஒரு துரை விட்டுவிட்டுப் போய், யார் யார் கையிலோ புரண்டு, கடைசியில் எங்கள் தலையில் வந்து விடிந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கதிர்காமத்துக்கு என்று யாருக்கு எந்த அவசரம் வந்தாலும் அந்தக் காரைத்தான் வாடகை ஹயருக்குக் கூப்பிடுவார்கள். அம்மா கொழுந்து பறித்துச் சோறு போட்டாள். அப்பா கார் ஓட்டிப் பேர் வாங்கினார்.

அந்தக் காரின் லைட்டு பேருக்குத்தான் லைட்டு. இரண்டும் மங்கலாக, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளின் கண்ணைப்போல அரைகுறையாக எரியும். இருட்டிவிட்டால் அப்பா ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்கக் குனிந்துகொண்டு ஊர்ந்துதான் வருவார். பின்னால் வரும் ஆட்டோக்காரப் பையன்கள் ஹோர்ன் அடித்து, சிரித்துக்கொண்டே முந்திப் போவார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்கு பிரேக் பார்க்க வேண்டியிருந்தது, கதவு ஒன்று கயிற்றில் நின்றது, மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. லைட்டு மாற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பண்டாரவளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னார்.

“அண்ணே, இது புது வாகனத்துக்குப் போடுற பல்பு. ஒங்கட வயரு பழசு, தாங்காது.”

“என் வண்டி தாங்கும் நானா. ஒங்க பல்பு தாங்குமான்னு பாருங்க” என்று அப்பா வீறாப்பாகச் சொல்லி வாங்கி வந்தார்.

முதல் பயணத்திலேயே காருக்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்து, சுவிச்சுக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பியது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அப்பா மறுபடியும் பண்டாரவளைக்குப் போய், மொத்த வயரும் அதற்கான சாமானும் வாங்கிப் போட்டு, இன்னும் பெரிய பல்பாக மாட்டிக்கொண்டு வந்தார். யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனால் வெளிச்சம் என்றால் வெளிச்சம்தான், பொய் சொல்லக் கூடாது. கோயிலடி வளைவில் கார் திரும்பியதும் எதிர்மலை லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் எல்லாம் பால்போல வெளுத்தன. சனம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவியே விட்டது. அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. எட்டு வயதான எனக்கும்தான்.

வெளிச்சம் வந்ததும் அப்பாவின் காலில் பேய் புகுந்துகொண்டது. அதுவரை ஊர்ந்து வந்த மனுஷர் வளைவுகளில் பறக்க ஆரம்பித்தார். எதிரே வரும் பஸ் டிரைவர்கள் கண் கூசி, வண்டியை ஓரங்கட்டி, சிங்களத்தில் அப்பாவின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். “பொறாம புடிச்சவனுங்க” என்பார் அப்பா. கொழுந்தை எடை நிறுத்துவிட்டு ரோட்டோரம் வரும் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்றார்கள்.

அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மெதுவாப் போங்க. கெஞ்சிக் கேக்குறேன், மெதுவாப் போங்க.”

“அப்பல்லாம் ரோடு தெரியல, மெதுவாப் போனேன். இப்பத்தான் பளிச்சின்னு தெரியுதே, இன்னும் என்னாத்துக்கு மெதுவாப் போறது?”

அம்மா சோற்றுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அம்மாவின் மேல்தான் எரிச்சலாக வரும். ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற லைட்டு, இவளுக்கு மட்டும் பிடிக்கவில்லையே என்று.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு பதுளையில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் சம்பளத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதில்லை. காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் அங்கே இல்லாவிட்டால் அவ்வளவுதான், அடுத்த அழைப்பு எப்போது வருமோ, வராமலே போகுமோ. லயமே அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளோ ராத்திரி பகலாக எதையோ முணுமுணுத்துப் படித்து இளைத்துப் போனாள்.

முதல் பஸ்ஸில் போனால் நேரத்துக்கு முன்னாலேயே போய்விடலாம். அக்கா அதைத்தான் சொன்னாள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

“வீட்டு வாசல்ல காரு நிக்குது. என் புள்ள பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவணுமா? ஊரு சிரிக்காது?”

“ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்ப்பா. நான் பஸ்ஸுலயே போறேனே” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு. லைட்டு போட்டதே இந்த மாதிரி ஒரு நல்ல காரியத்துக்குத்தான்.”

பார்த்தீர்களா, அதற்குள் லைட்டு அக்காவுக்காகப் போட்டதாக ஆகிவிட்டது! நானும் சும்மா இருக்கவில்லை. பதுளை பார்க்க வேண்டும் என்று அழுது புரண்டேன். “இவ எதுக்கு?” என்றாள் அம்மா. “வரட்டுமே, எடமா இல்ல?” என்றார் அப்பா. அடுப்பங்கரைக்குள் போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

போவதற்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் அவளுக்குத் திடீரென்று பக்தி வந்தது.

“நல்ல காரியத்துக்குப் போற வண்டி. கழுவி, பொட்டு வச்சி, சூடம் காட்ட வேணாமா?”

அப்பா பூரித்துப் போனார். கடைசியில் பெண்டாட்டிக்கு லைட்டின் அருமை புரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் சாமிக்குப் பயந்த ஆள். எலுமிச்சம்பழம் நசுக்காமல் சக்கரத்தை நகர்த்த மாட்டார், பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து பால் போடாத சாயத்தண்ணி குடித்துவிட்டுத்தான் புறப்படுவார். அவரே காரைக் கழுவினார். பிறகு குளிக்கப் போனார். அம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சளையும் சந்தனத்தையும் கொட்டினாள். கூடவே இரண்டு கை நிறையக் கோதுமை மாவையும் அள்ளிப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றிக் களிபோலக் கிண்டினாள்.

“சாமிக்கு எதுக்கும்மா கோதும மா?”

“வாய மூடிக்கிட்டுக் கிண்ணத்தப் புடி.”

பொட்டு என்றால் விரலால் ஒரு சின்ன வட்டம் வைப்பதுதானே? அம்மா அடுப்புக்குச் சாணி மெழுகுவதுபோல இரண்டு லைட்டுக் கண்ணாடியையும் விளிம்பு தெரியாமல் மெழுகினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். குளித்துவிட்டு வந்த அப்பா அரண்டு போனார்.

“கொஞ்சமா வைக்கக் கூடாதா?”

“சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. புள்ளைக்கு வேல கெடைக்கணுமா, வேணாமா?”

அப்பா சூடத்தைக் கொளுத்தினார்.

விடியற்காலை கும்மிருட்டில் புறப்பட்டோம். பொட்டு ராத்திரி முழுக்கக் காய்ந்து, சுட்ட ஓடுபோல இறுகிக் கிடந்தது. அப்பா சுவிச்சைப் போட்டார். ஊரை வெளுத்த அந்த லைட்டு இரண்டு பூசணிப் பூவாட்டம் மஞ்சளாக முழித்தது. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! புறப்படும் நேரத்தில் பொட்டை அழிப்பது தாலியில் கை வைப்பது மாதிரி. அவரால் அது முடியாது. அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பாத்துப் போய்ட்டு வாங்க” என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

மறுபடியும் அந்தப் பழைய ஊர்வலம்தான். ஸ்டியரிங்கில் மூக்கு. போதாக்குறைக்கு மெயின் ரோட்டுக்கு ஏறியதும் பனிமூட்டம் இறங்கியது. அந்தப் பக்கத்து மூட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கையை நீட்டினால் விரல் தெரியாது. அப்பா அம்மாவைத் திட்டினார், மூட்டத்தைத் திட்டினார், முருகனை மட்டும் திட்டவில்லை. அக்கா சேலை கசங்கிவிடாமல் நுனியில் உட்கார்ந்து, “நேரமாவுதுப்பா, நேரமாவுதுப்பா” என்று ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பெரிய ஹோர்ன் சத்தம் கேட்டது. முதல் பஸ்! அக்கா போகிறேன் என்று கெஞ்சிய அதே பஸ், எங்களை முந்திக்கொண்டு, சிவப்பு லைட்டைச் சிமிட்டிவிட்டு மூட்டத்துக்குள் போனது.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சத்தமாக அழுதிருந்தாலும் தேவலை. மை கரையக் கூடாதென்று அண்ணாந்துகொண்டு அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து வைத்து நாலு வார்த்தை கேட்கலாம்போல இருந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

அப்பாவால் அழுகையைத் தாங்க முடியவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினார். பிளாஸ்கிலிருந்த சாயத்தண்ணியைத் துண்டில் ஊற்றி, “முருகா, புள்ள காரியம், மன்னிச்சிரு” என்று சொல்லிக்கொண்டே இடது பக்கத்து லைட்டைச் சுரண்டினார். மாவு லேசில் விடுமா? நகம் உடைந்து, ரத்தம் வந்து, ஒருவழியாகப் பாதிக்கு மேல் பெயர்ந்தது. “இப்பப் பாரு” என்று ஏறி உட்கார்ந்து வேகமாக எடுத்தார்.

வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் பட்டு அப்படியே எங்கள் முகத்திலேயே திரும்பி அடித்தது. முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பினதுபோல இருந்தது. ரோடு இல்லை, கல் இல்லை, வளைவு இல்லை. அக்கா “அப்பா!” என்று அலறினாள். பிரேக் பிடித்த பிடியில் நான் முன் சீட்டில் போய் மோதினேன்.

வண்டி நின்றது. அப்பா கதவைத் திறந்து, காரைத் தடவிக்கொண்டே முன்னால் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. “யாரும் எறங்காதீங்க” என்று மட்டும் சொன்னார். இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு சாண் மண்தான் இருந்ததாம். அதை அக்காவிடம் பல நாள் கழித்துத்தான் சொன்னார். மெல்லப் பின்னுக்கு எடுத்து, சுரண்டிய லைட்டுக்குத் துண்டால் தலைப்பாகை கட்டினார். மற்றதன் மஞ்சள் வெளிச்சத்தில், “இந்தப் பக்கம் கல்லுப்பா, இப்ப வளைவுப்பா” என்று அக்கா ஜன்னலால் தலையை நீட்டிச் சொல்லச் சொல்ல, மூச்சுவிடாமல் ஓட்டினார். அப்பா பேசாமல் வண்டி ஓட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹப்புத்தளை தாண்டியதும் வெயில் வந்தது. அதன் பிறகு மிதித்த மிதியில் பதுளை வந்து சேர்ந்தோம். தலைப்பாகையும் பொட்டுமாக நின்ற காரைப் பார்த்து வாசல் காவலாளி சிரித்தான். அக்கா படியேறவும், உள்ளே அவள் பேரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. அவளுக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் பெரிய டீச்சராகத்தான் இருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அப்பா மறுபடியும் அப்பாவாகிவிட்டார். லயத்துச் சனத்தைக் கூட்டி வைத்து, “அந்த மூட்டத்துல இந்த லைட்டு மட்டும் இல்லேன்னா போய்ச் சேந்திருக்க முடியாது” என்றார். அம்மா மறுத்துப் பேசவே இல்லை. “ஆமாங்க” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒன்னாலதாம்மா எல்லாம்! நீ அப்பிடிப் பூசுனதுனால நத்த மாதிரிப் போனோம். பஸ்ஸே எங்கள முந்திருச்சி!” என்று கத்தினேன்.

“நெசமாவா? பஸ்ஸே முந்திருச்சா?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு ரொட்டி போட்டாள். பெற்ற பெண்ணின் வேலை போகப் பார்த்ததில் சிரிக்கிற தாயும் உண்டா என்று நான் அந்த ரொட்டியைத் தொடவில்லை.

நான் இப்போது நமுனுகுலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். சமீபத்தில் அவரும் வேனுக்கு வெள்ளை லைட்டு போட்டுக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேளாமல் பறக்கிறார். தாங்க முடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

“நல்ல நாள் பாத்துப் பொட்டு வையிடி” என்றாள் அம்மா.

“அப்ப அன்னிக்கு நீ வேணும்னேதான் பூசுனியா?”

“நான் சொன்னா ஒங்கப்பா கேப்பாரா? சாமின்னா கேப்பாரு.”

“அக்காவோட வேல போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?”

“போனாப் போவுது. எனக்கு என்னா, வேலையா பெரிசு? அவளும் வண்டிக்குள்ள, நீயும் வண்டிக்குள்ள” என்றாள் அம்மா. பிறகு அடுப்பில் சோறு பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பயணத்தில் போய்விடக் கூடியது அக்காவின் வேலை ஒன்றுதான் என்று நான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.