தலைவர் கேட்ட ஒரே மண்டபம்

தலைவருடைய காரின் பின்பெட்டிக்குள் எப்போதும் ஒரு கை ஒலிபெருக்கி கிடக்கும். வாய்ப்பக்கம் நசுங்கி, கைப்பிடியில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றியிருக்கும். அதன்மேல்தான் நான் என் சாப்பாட்டுப் பையை வைப்பேன். மெல்பேர்ணின் ரோவில் பகுதியிலிருந்து பிஸ்கட் தொழிற்சாலைக்கு நாங்கள் இருவரும் அவருடைய காரில்தான் வேலைக்குப் போய்வந்தோம். ஒருநாள் கார் வேகத்தடையில் துள்ளிய துள்ளில் அது தானாகவே அலறத் தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, தலைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். "பாத்தியா தங்கச்சி, நான் வாயை மூடினாலும் அது மூடாது" என்றார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை.

தலைவர் என்று பகிடிக்குத்தான் கூப்பிடத் தொடங்கினேன். பொதிசெய்யும் பகுதியில் வேலை பார்க்கிற மனிதர், மேற்பார்வையாளர் பேசும்போதுகூட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் மாதிரி நின்றால் வேறென்ன சொல்வது! பிறகுதான் அவர் மெய்யாகவே ஒரு தலைவர் என்று தெரிந்தது. பர்மாவில் பிறந்த தமிழர். முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கம். நான் "ஓம்" என்கிற இடத்தில் அவர் "ஆமா" என்பார். ரங்கூனில் படித்துக்கொண்டிருந்தபோது மாணவர்கள் இராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். இராணுவம் சுட்டது. தப்பியவர்கள் தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு ஓடி, அங்கே ஓர் அமைப்பைக் கட்டி, இவரைத் தலைவராக்கினார்கள். செயலாளராக வந்தவர் இவருடைய உயிர்ச் சிநேகிதர். மலேரியாவில் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தவர்களாம்.

பிறகு ஒரு மாநாடு வந்தது. சண்டை காரணமாகப் பாதி முகாம்களால் வந்துசேர முடியவில்லை. வந்தவர்களை வைத்துச் செயலாளர் தேர்தல் நடத்தினார். அதில் அவரே தலைவரானார். செல்லாது என்று இவர் சொன்னார். செல்லும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒருவர் மற்றவரைக் குறிப்பிடும்போது முன்னால் ஒரு 'முன்னாள்' சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் அகதிகளாக மெல்பேர்ணுக்கு வந்து, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் வீடெடுத்து, தலைமுடி நரைத்த பிறகும் அந்த மாநாட்டைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு அமைப்புக்கும் ஒரே பெயர், ஒரே கொடி. செத்த மாணவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் அஞ்சலி. கொள்கையில் அப்படி என்னதான் வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை யோசித்துவிட்டு, "கொள்கையில ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார்.

இன்னொன்றையும் ஒரே ஒருமுறை சொன்னார். பர்மாவில் இந்திய முகத்துக்காரரை இளக்காரமாகக் 'கலா' என்பார்கள். மாநாட்டு நேரம் முகாமுக்குள் யாரோ, ஒரு கலாவா நமக்குத் தலைவன் என்று கேட்டிருக்கிறார்கள். செயலாளர் அதைச் சொல்லவில்லை, ஆனால் சொன்னவனைத் தடுக்கவும் இல்லை. தேர்தலில் தோற்றதைவிட அதுதான் தலைவருக்கு உள்ளே கிடந்து அரித்தது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்குப் பரிதாபத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பிரிவு என்பது எங்கள் வீட்டில் வேடிக்கைப் பேச்சு இல்லை. என் ஒன்றுவிட்ட அண்ணனைச் சுட்டது ஆமிக்காரன் அல்ல, இன்னோர் இயக்கத்துப் பொடியன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அதனால் தலைவர் ஒற்றுமை, ஒற்றுமை என்று நீட்டி முழக்கினால் நான் சும்மா விடமாட்டேன். ஒருமுறை 'த பேசின்' என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் உடைத்துவிட்டுக் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், ரெண்டு பக்கமும் ஒண்ணாகணும் என்கிறார். "பழத்துக்காகத் தம்பியோட போட்டி போட்ட ஆள் இவர். இவரிட்டயோ போய் ஒற்றுமை கேக்கிறியள்?" என்றேன். ஐயர்கூடச் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

பர்மாவில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, இனியாவது சேர்வார்கள் என்று நானும் நம்பினேன். மெல்பேர்ண் நகரத்தில் பெரிய ஊர்வலம். நூலகப் படிகளின் இடப்பக்கம் தலைவர், வலப்பக்கம் செயலாளர், ஆளுக்கொரு ஒலிபெருக்கி. ஒரே கோஷத்தை ஒருவர் முந்தியும் மற்றவர் பிந்தியும் சொல்ல, நடுவில் நின்ற இளம்பிள்ளைகள் யாருக்குப் பதில் கத்துவதென்று தெரியாமல் விழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தாங்களாகவே பாடத் தொடங்கினார்கள். தலைவர் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு நின்றார்.

அடுத்த குளிர்காலத்தில் இருமல் வந்தது. நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். மனைவி முன்பே காலமாகிவிட்டார், ஒரே மகள் சிட்னியில், கெல்லிவில்லில். அந்தப் பிள்ளை வேலையையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிவந்து ஓடிப்போகும். மற்ற நாட்களில் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவேன். ஒருநாள் என் கையைப் பிடித்து, "தங்கச்சி, நான் போற அன்னைக்கு ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே மண்டபத்துல நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார். உயிரோடிருக்கும்போது முடியாததைச் செத்தபிறகு நான் எப்படிச் செய்வேன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஓம் என்றுவிட்டேன்.

அவர் போனதும் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மகளுக்கு இந்தச் சண்டையின் அடிநுனி தெரியாது. "யூ டோக் டு தெம், அன்ரி, ப்ளீஸ்" என்று அழுதாள். ஒரு பக்கம் செயலாளர், மறுபக்கம் தலைவருக்குப் பின் அவருடைய ஆட்களைப் பார்த்துக்கொண்ட துணைத் தலைவர். யார் கொடியைப் போர்த்துவது, யார் முதலில் பேசுவது, தலைமாட்டில் யார் நிற்பது என்று இரண்டு பேரும் என்னைத் தொலைபேசியில் வறுத்தெடுத்தார்கள். இது மீற்றிங் இல்லை, செத்தவீடு என்று கடைசியில் கத்திவிட்டேன். அதன்பிறகு வழிக்கு வந்தார்கள். கொடியை மகள் போர்த்துவாள், யாரும் பேசமாட்டார்கள், பெட்டியைப் பக்கத்துக்கு மூன்று பேராகச் சேர்ந்து தூக்குவார்கள். இரண்டு பக்கமும் சம்மதம். கேட்டது கிடைக்கப்போகிறது என்று தலைவரின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். அன்றுதான் அவருக்காக நான் முதன்முதலாக அழுதேன்.

சனிக்கிழமை காலை. ஸ்பிரிங்வேலில் பெரிய மண்டபம், வரிசை வரிசையாகக் கதிரைகள், குசினியில் பெரிய பாத்திரங்களில் பர்மிய மீன் சூப். தொழிற்சாலையில் இருந்து ஐந்தாறு பேர், என் வீட்டுக்காரர், தலைவரின் மகள் குடும்பம். வேறு யாருமில்லை. கார் தரிப்பிடத்தில் இடமில்லையாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே போய்ப் பார்த்தால் வெறும் தரிப்பிடம். செயலாளருக்கு எடுத்தேன், துணைத் தலைவருக்கு எடுத்தேன், இரண்டு தொலைபேசியும் அணைந்து கிடந்தன. "அன்ரி, அவங்களுக்கு டைம் தெரியுமா?" என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். இறுதிச்சடங்கு நிறுவனத்து மனிதர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். தகனசாலையில் நேரம் குறித்தாயிற்று, இனிக் காத்திருக்க ஏலாது.

தூக்குவதற்கு வேறு ஆள் ஒழுங்கு செய்திருக்கவில்லை. முழங்கால் நோவோடு என் வீட்டுக்காரர், தலைவரின் மருமகன், மேற்பார்வையாளர், பொதிசெய்யும் பகுதியில் இருந்து இரண்டு வியட்நாமியப் பெண்கள், ஆறாவதாக நான். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. நான் பெட்டியே தூக்கினேன். பாரமாக இல்லை, நோய் அவரை அவ்வளவு தின்றிருந்தது. நெருப்புக்கு அனுப்பும்வரை மகள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் துணைத் தலைவர் தொலைபேசி எடுத்தார். எல்லாம் மரியாதையாக நடந்ததா என்று விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் வரேல்லை என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். பர்மியர்களிடம் 'ஆனாடெ' என்றொரு குணம் உண்டு. மற்றவருக்குச் சங்கடம் தரக்கூடாதென்று தான் ஒதுங்கிக்கொள்வது, ஒதுங்கியதை வெளியே சொல்லாமலும் இருப்பது. தொழிற்சாலையில் பர்மியர்களிடம் நானும் பார்த்திருக்கிறேன், தட்டில் மிஞ்சும் கடைசிக் கேக் துண்டை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அது காய்ந்து குப்பைக்குப் போகும். கம்பளியைப் பகிர்ந்த சிநேகிதரான செயலாளருக்கு வழிவிடுவோம், தலைவர் முன்னால் தள்ளுமுள்ளு வேண்டாம் என்று நினைத்தார்களாம். தங்கள் ஆட்களுக்கெல்லாம் போகவேண்டாமென்று சொல்லியும் விட்டார்களாம்.

மற்றப் பக்கமும் அதைத்தான் செய்திருக்கும் என்று அப்போதே விளங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத மனிதர்கள். விட்டுக்கொடுக்க அவர்களுக்குக் கிடைத்தது இந்த ஒருநாள்தானா? செயலாளரும் எடுத்தார். மண்டபம் நிறைந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவரும் வரவில்லை, அவர்களும் உங்களுக்காக ஒதுங்கிக்கொண்டார்கள், பெட்டியை நாங்கள்தான் தூக்கினோம் என்றேன். அந்தக் கிழட்டு மனிதர் விம்மி விம்மி அழுதார். காட்டில் தலைவருக்குக் குளிர் கண்டபோது அவர் இப்படித்தான் அழுதிருப்பாரோ என்று எனக்கு மனம் இளகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சித் தொண்டையைச் செருமினார். "விலகுவதென்று நாங்கள் புதன்கிழமையே முடிவெடுத்துவிட்டோம்" என்றார். "அவர்கள் எப்போது எடுத்தார்களாம்?"