தம்பியின் முகம்

“தொட்டுத் தொட்டு எழுத வேண்டாம் மேடம். தீர்ந்தா உள்ளயே மை ஊத்திக்கலாம். போட்டுப் பாருங்க” என்று கடைப் பெண் பிரஷ் பேனாவை நீட்டினாள். மூடியைத் திறந்ததும் கரி வாசனை.

அப்பாவின் மை விளக்குக்கரியும் வேலம்பிசினும் சேர்ந்தது. காரைக்குடியில் நிலைக்கதவுகளுக்குச் சாமி உருவம் செதுக்கும் ஆசாரி அவர். அணில் முடித் தூரிகையால் மரத்தில் வரைந்துகொண்டுதான் உளியை எடுப்பார்.

எனக்கு ஒன்பது வயதில், சந்தைக் கூட்டத்தில் நான் கையை விட்டதால் தம்பி தொலைந்துபோனான். வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் தேடி அலைந்துவிட்டு, அப்பா அவன் முகத்தை வரைய உட்கார்ந்தார். ஒரு கண் முடிவதற்குள் தூரிகை காய்ந்துவிடும். தொட்டுத் தொட்டு வரைந்தார், கிழித்துக் கிழித்துப் போட்டார். சாமியையே வரைந்து பழகிய கைக்கு வெண்ணெய் தின்னும் கண்ணன்தான் திரும்பத் திரும்ப வந்தான்.

“ஆத்தா, நீயாச்சும் சொல்லு. இது அவந்தானா?” என்று என்னைக் கேட்டார்.

அவர் இன்னொரு தாளையும் கிழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், “அவனேதாம்ப்பா” என்றேன்.

கீழே ‘காணவில்லை’ என்று எழுதி ஊர் ஊராக ஒட்டினோம். மறுவாரம் மானகிரிக்குப் போனபோது, எழுத்துத் தெரியாத யாரோ அந்தப் படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். என் பொய்க்கு வைத்த குங்குமம் அது. அப்பா அந்தச் சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதார். தம்பி வரவேயில்லை.

இந்தப் பேனா காயவில்லை. கை நிற்காமல் ஓடியது. நெற்றி, கன்னம், ஐம்பது வருடமாக மறந்துவிடக் கூடாதென்று பிடித்துவைத்திருந்த அந்தக் கண்கள்.

கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“கிருஷ்ணர் ரொம்ப அழகா வந்திருக்கார், மேடம்.”