இலைக்கு அடியில் மஞ்சள் முட்டை

கோழிப்பண்ணையை விட்டுக் கிளம்பி இரண்டாவது நாளாக நடந்துகொண்டிருந்தேன். இலுப்பூர் பின்னால் போய்விட்டது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு குவாரியில் ஆள் எடுப்பதாகப் பண்ணைக்குத் தீவனம் இறக்க வந்த லாரிக்காரர் சொல்லியிருந்தார். பண்ணையில் குறை ஒன்றும் இல்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரே கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் எனக்குக் கால் அரிக்கும். முந்தின இரவு சாப்பிடவில்லை. காலையில் ஒரு டீயும் இரண்டு பன்னும் ஆயிற்று. நடக்க அது போதும்.

மத்தியானம் தாண்டி ஒரு கொல்லையில் தண்ணீர் கேட்க நின்றேன். கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்துத் தூதுவளைக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், டிபன் டப்பாவிலிருந்து ஒவ்வொரு வண்டாக எடுத்து இலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவம்.

"என்னக்கா பண்றீங்க?"

"பொறிவண்டு விடுறேன் தம்பி. வெவசாயப் பயிற்சியில சொன்னாங்க, இது நமக்கு நண்பன், கெட்ட பூச்சியத் திங்கும்னு. மருந்து அடிச்சா கம்பெனிக்காரங்க எலையை எடுக்க மாட்டாங்க. அதான்."

சித்த மருந்து செய்கிற கம்பெனியின் வண்டி இன்னும் பன்னிரண்டு நாளில் முதல் அறுப்புக்கு வர இருந்தது. பூச்சிமருந்து பட்ட இலையும் வேண்டாம், ஓட்டை விழுந்த இலையும் வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. வீட்டில் எல்லோரும் தடுத்தும் கேட்காமல் கடலைக் கொல்லையைத் தூதுவளைக்கு மாற்றியவர் அவர். இந்த அறுப்பு கெட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் கடலைதான் என்று கணவர் சொல்லிவிட்டாராம்.

தண்ணீர் குடித்துவிட்டு, வண்டு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அங்கே அவருடைய நாத்தனார் கத்தரி போட்டிருந்தார்.

"எங்கிட்டுக் கெடைக்கும்? எஞ் செடியிலதான். பத்து நாளா வந்து பொறுக்கிட்டுப் போறா. எங் கத்தரி இப்பத்தான் தெளிஞ்சு வருது. நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

"பாத்தீங்களா தம்பி, அத்தாச்சிக்குப் பொறாமை."

"ஆமாண்டி, அழுதுட்டு நிக்கிறேன்."

நான் ஓர் இலையைத் திருப்பினேன். முள் குத்தியது. அடியில் மஞ்சள் முட்டைகள், நிறுத்திவைத்த சின்னச் சின்ன அரிசி போல, நெருக்கமாக இருபது முப்பது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க இதே முட்டையைப் பொறுக்கியிருக்கிறேன். நாலு நாளில் பொரியும். குஞ்சுகள் முதலில் கூட்டமாக ஓரிடத்தில் இருந்து பச்சையைச் சுரண்டும். பிறகு இலை இலையாகப் பிரியும். உடம்பெல்லாம் முள் வைத்த மஞ்சள் புழு, தோலை உரித்து உரித்துப் பருக்கும். இரண்டின் பூவையும் பார்த்தாலே தெரியும், கத்தரியும் தூதுவளையும் பங்காளிகள். அங்கே தின்றது இங்கேயும் தின்னும்.

"அக்கா, இது அந்த நண்பன் இல்ல. இது எலையத் திங்கிறது."

அவர் முகம் மாறியது. "நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"ஏழாவது. அதுலயும் பாதி."

"சொல்லிக் குடுத்தவரு காலேஜ் படிச்சவரு."

"அவரு சொன்னது சரிதாங்க்கா. ஆனா அந்த வண்டு வழவழன்னு மினுங்கும். இதைப் பாருங்க, செங்கப்பொடி அப்புன மாதிரி மங்கிக் கெடக்கு."

"சண்டை எதுக்கு? அடைச்சுப் போட்டுப் பாருங்க" என்றார் நாத்தனார்.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, நல்ல இலை ஒன்றும் முட்டை ஒட்டிய இலை ஒன்றும் போட்டு, மூன்று வண்டை விட்டுத் துணியால் கட்டினோம். நண்பனாக இருந்தால் பட்டினி கிடந்தாலும் இலையைத் தொடமாட்டான் என்றேன். இராத்திரி மோட்டார் கொட்டகையில் படுத்தேன். நாத்தனார் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். சொத்தை இல்லாத காய்.

விடிந்ததும் மூன்று பேரும் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். நல்ல இலை சல்லடை ஆகியிருந்தது. முட்டைகளில் பாதி பொரிந்து, கடுகைவிடச் சின்ன மஞ்சள் குஞ்சுகள் வெறும் ஓட்டின் மேல் மொய்த்துக்கொண்டிருந்தன. அக்கா பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாளா நானே சொமந்துட்டு வந்து விட்டிருக்கேனே" என்றார் கடைசியில்.

நாத்தனார் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தார். அக்காவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"சரி விடுடி. வந்ததெல்லாம் எங்க வீட்டு வண்டு. நானும் பொறுக்குறேன்."

"அறுப்புக்குள்ள சரி பண்ண இன்னும் நேரம் இருக்கா தம்பி?" என்றார் அக்கா.

"கொழுந்துல இன்னும் ஏறலக்கா. அடியிலைதான் போச்சு. முட்டையோட எடுத்துட்டா புது எலை ஓட்டையில்லாம வந்துரும்."

"அப்ப வண்டி வர்ற வரைக்கும் இருங்க. குவாரி எங்கயும் ஓடிறாது."

இருக்கிறேன் என்றேன். வெயில் ஏறினால் வண்டு பறக்கும், பனி காய்வதற்குள் உதறியெடுக்க வேண்டும். ஆளுக்கொரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வரிசைக்கு ஒருவராகக் குனிந்தோம். நாலு கொடி தாண்டியிருக்க மாட்டேன், பக்கத்து வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, மேலாப்புல பாத்துட்டுப் போகாதீங்க. எலைக்கு அடியில பாக்கணும், அடியில."