இடப்பக்க வளைவுகள்

என் கணவருக்கு மலைச்சாலை பிடிக்கும். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பிடிக்கும். சாலை எதுவானாலும் சரி. ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டிலிருந்து அரசாங்கப் பல் கிளினிக்குக்கு இருபது வருடமாக ஒரு சின்ன கப்சாய் மோட்டாரில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். அவர் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளர். ஐம்பது வயதானபோது பெரிய மோட்டார் ஒன்று வாங்கினார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, கூட்டம் இல்லாத வாரநாளாகப் பார்த்து இருவரும் விடுப்பு எடுத்து, கேமரன் மலைக்குப் போய்வருவோம். சிம்பாங் பூலாய் வழியாக ஏற்றம், தாப்பா வழியாக இறக்கம், பிறகு கம்பார், கோப்பெங், வீடு. அவரவர் மோட்டாரில் போவோம். அவர் முன்னால், நான் பின்னால்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புக் குன்றுகளில் பனி இருந்தது. சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடங்களைத் தாண்டும்வரை லோரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி. அதற்குப் பிறகு சாலை அகலமாகி ஏறத் தொடங்கும். வலது பக்கம் பள்ளத்தாக்கும், இடது பக்கம் மண் சரிந்து சிமெண்டு பூசிய சரிவும் மாறி மாறி வரும். ஏற ஏறக் காற்று குளிர்ந்து, பனி ஈரத்தில் முழங்கை வரை சட்டை ஒட்டிக்கொள்ளும்.

பின்னால் போகிறவளுக்கு முன்னால் போகிறவரின் முதுகைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால்தான் கவனித்தேன். வலப்பக்க வளைவுகளை அவர் எப்போதும்போல் அழகாக எடுத்தார். இடப்பக்க வளைவு வந்தால் மட்டும் சாலை ஓரத்தை விட்டு விலகி, நடுக்கோட்டை உரசிக்கொண்டு போனார். முதலில் மண்ணோ சருகோ கிடக்கிறது என்று நினைத்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது. அடுத்த இடப்பக்க வளைவிலும் அப்படித்தான். எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, ஒன்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கம்போங் ராஜாவில் ஒரு தமிழர் கடையில் தோசை சாப்பிட்டோம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். சாம்பார்க் கிண்ணத்தை அவருடைய தட்டுக்கு இடது பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார் கடைக்காரப் பெண்.

"சாம்பார் கொண்டாரலியா?" என்று கேட்டார் என் கணவர்.

"பக்கத்துலதானே இருக்கு."

தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்து, "ஆமா இருக்கு" என்றார்.

"ஏன் நடுக்கோட்டுலயே போறீங்க?"

"காத்துலா. இந்த மோட்டாரு உசரம், காத்து தள்ளுது."

காற்று இல்லை. ஆனால் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. தோசை நன்றாக இருந்தது, இன்னொன்று சொன்னேன். அன்று நான் செய்தவற்றில் எதையாவது மாற்றலாம் என்றால் அந்த இரண்டாவது தோசையைத்தான் மாற்றுவேன். அதைச் சாப்பிட்ட நேரத்தில் கேட்டிருக்கலாம்.

பிரிஞ்சாங்கைத் தாண்டினோம். தானா ராத்தாவில் பெட்ரோல் போட்டோம். அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்குவது பழைய சாலை. ஏறிவந்த சாலையில் பாதி அகலம்கூட இருக்காது, வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டே வரும். ரிங்லெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடப்பக்க வளைவில் அவர் நடுக்கோட்டைத் தாண்டிப் போனார். எதிரே கோஸ் ஏற்றிய லோரி. ஹாரன் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. லோரிக்காரர் தன் பக்கத்துக் காட்டுச் செடிகளுக்குள் சக்கரத்தை இறக்கினார். இவர் இந்தப் பக்கம் வெட்டி, சரளைக்கல்லில் வழுக்கி, சாக்கடை ஓரத்தில் நின்றார். விழவில்லை. லோரி நிற்காமல் போய்விட்டது.

என் மோட்டாரை நிறுத்திவிட்டு நடந்து போனேன். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். அவரோ நாங்கள் வந்த திசையைப் பார்த்து, "எங்க நிக்கிற? வா, ஒன்னும் ஆவல" என்று சத்தமாகச் சொன்னார்.

"இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். மூங்கில் புதருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எத்தனை மாசமா?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்து. மொதல்ல புகை மாதிரி இருந்துச்சி. அப்பறம் கறுப்பா ஒன்னு வந்து நின்னுக்கிச்சி. வலது கண்ணு நல்லா இருக்கு."

அவருக்குப் பத்து வருடமாக இனிப்புநீர் நோய். மாத்திரை எழுதித் தருகிற கிளினிக்கில் கண்ணைப் பரிசோதிக்கச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை நான் பார்த்ததே இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாவிய வாங்கி வச்சிக்குவ."

"ஆமா. வச்சிக்கத்தான் செய்வேன்" என்று கையை நீட்டினேன். தந்துவிட்டார். தருவார் என்று நான் நினைக்கவில்லை. நீட்டிய கையில் சாவி வந்து விழுந்ததும் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மோட்டார், ஓட்ட ஒரு ஆள்.

கடைசியில் அவரைச் சாலையோரத் தடுப்பில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய மோட்டாரில் ஏறினேன். அதுவரை அதை நான் ஓட்டியதில்லை. நுனிக்கால்தான் தரையில் பட்டது. ரிங்லெட் பக்கம்தான் என்பதால் மெதுவாக இறங்கி, கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் நிறுத்தினேன். பட்டறைக்காரர் தமிழர்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மோட்டாருக்கு என்னாக்கா?"

"மோட்டாரு நல்லா இருக்குண்ணே. ஓட்டுறவருக்குத்தான் கண்ணு சரியில்ல. ரெண்டு மூணு வாரம் இங்க வச்சிக்க முடியுமா?"

அவர் என்னையும் மோட்டாரையும் பார்த்தார். வேறு கேள்வி கேட்காமல் உள்ளே தள்ளி நிறுத்தி, கித்தானைப் போட்டு மூடினார். தன் மோட்டாரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு வந்து வளைவில் இறக்கிவிட்டார். தடுப்பில் உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணே, கவலப்படாதீங்க, நல்லா பாத்துக்கிறேன்" என்றார். என் கணவர் தலையை மட்டும் அசைத்தார்.

இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. உட்காரவும் தெரியவில்லை. கையை முதலில் என் தோளில் வைத்தார், பிறகு இடுப்பில், பிறகு இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பியில். வளைவில் நான் சாய்ந்தால் அவர் நிமிர்ந்தார். நான் இடது பக்கம் திருப்ப, அவருடைய எடை வலது பக்கம் இழுத்தது. என் கணுக்காலுக்குப் பக்கத்தில் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. சின்ன மோட்டார், இரண்டு பெரிய ஆட்கள். நான்கைந்து வளைவுக்குள் என் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"பிரேக்க ரொம்பப் பிடிக்கிற" என்றார் பின்னாலிருந்து. "சூடாயிரும். ரெண்டாவது கியருக்கு எறக்கு."

எரிச்சலாக இருந்தது. இறக்கினேன். அவர் சொன்னது சரி. வண்டி தன்னாலேயே அடங்கி இறங்கியது.

லாத்தா இஸ்கந்தர் அருவியில் நிறுத்திக் கையை உதறிக்கொண்டேன். பூர்வகுடிப் பெண் ஒருவர் பெத்தாய்க் காயும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு பெத்தாய் வாங்கினோம். அருவிச் சாரலில் அவர் முகத்தைக் கழுவினார். இடது கண்ணைக் கொஞ்சம் அதிகமாகவே கழுவினார்.

அதற்குப் பிறகு வந்த வளைவுகளில் ஏதோ மாறியிருந்தது. நான் சாய்ந்தால் பின்னாலிருந்த எடையும் கூடவே சாய்ந்தது. ஒரே ஆள் ஓட்டுவதுபோல் வண்டி போனது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கேட்டேன்.

"என்னா செய்றீங்க?"

"கண்ண மூடிக்கிட்டேன். ரெண்டையும். ரோட்டப் பாத்தா நான் ஓட்ட ஆரம்பிச்சிர்றேன்லா."

தாப்பாவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. இருபுறமும் மூங்கிலும் பெரணியும் அடர்ந்து, வெயில் துண்டு துண்டாக விழும் இடம் அது. அந்த மலையில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். நான்தான் அன்று அதை ஒழுங்காகப் பார்த்தேன். எல்லா வருடமும் அவருடைய முதுகைப் பார்த்தே இறங்கியிருக்கிறேன்.

கம்பாரை நெருங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் வாத்துக் கொட்டகைகள். அதைத் தாண்டினால் அவர் பிறந்த தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு நாளாகிறது. வழக்கமாகத் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தில் ஒரு ஹாரன் அடிப்பார். அன்று, "தாண்டிட்டமா?" என்று கேட்டார். தாண்டிவிட்டோம் என்றேன். "சரி" என்றார்.

வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. சீன வருடப்பிறப்பு விடுமுறைக்கு வந்த எங்கள் மகளை, திரும்பிப் போகும் அன்று ஈப்போ ரயில் நிலையத்துக்கு அவர்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"பிள்ளையையும் இந்தக் கண்ண வச்சிக்கிட்டுத்தான் ஏத்திட்டுப் போனீங்களா?"

"அது நேர் ரோடுலா" என்றார்.

கோபம் அப்போது வரவில்லை. இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. மடித்த துணிகளைத் தரையில் தள்ளிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து துணிகளைத் திரும்பவும் மடித்தார், சட்டைகளை அவருக்குத் தெரிந்த மாதிரி.

மருத்துவமனையில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், லேசர் செய்தார்கள். டாக்டர் கோபிக்கவில்லை. "வலது கண்ண காப்பாத்திட்டோம். இடது கண்ணு இனி இவ்ளோதான், அங்கிள். முன்னமே வந்திருக்கலாம்" என்றார். என் கணவர் நன்றி சொன்னார். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பக்கத்தில், இந்த முறை வலது பக்கமாக, நின்றேன்.

நான்காவது வாரம் மோட்டாரை எடுத்துவர நான் தனியாகப் போனேன். பேருந்தில் தானா ராத்தா, அங்கிருந்து வாடகைக் கார். பட்டறைக்காரர் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். தாப்பா சாலை வேண்டாம் என்று மறுபடியும் மேலே ஏறி, சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கினேன். அந்த மோட்டார் கனம். கைக்குப் பழகும்வரை பயமாக இருந்தது. பழகிய பிறகு பயமில்லை. அதற்கு மேல் என்ன இருந்தது என்பதை அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

அடிவாரத்தில் நிறுத்திக் கைப்பேசியைப் பார்த்தேன். அவர் ஆறு முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன்.

"எங்க இருக்க?"

"சிம்பாங் பூலாய்."

ரிங்லெட்டில் கிளம்பும்போது நான் சொன்ன நேரத்திலிருந்து அவர் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அதுக்குள்ளயா?" என்றார்.