இரண்டு இடது கைகள்

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளறைக் கட்டிலில் கிடந்த தையல்காரி கண் திறக்காமலே அதைக் கேட்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் வந்தது சத்தம். ‘நான்தான் தைக்கிறேன் போல’ என்று நினைத்துக்கொண்டாள். தைக்கிறவள் எப்படிப் படுத்திருப்பாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மூன்று மாதமாக இப்படித்தான். பகலெல்லாம் பஞ்சு மூட்டைக்குள் நடப்பது போல ஒரு நடை. கொதிக்கிற வெயிலிலும் குளிர். சீப்பு நிறைய முடி. கத்தரியைக் கையில் பிடித்தபடியே தூங்கி, எங்கோ வெள்ளை வெளேரென்ற துணிக் கடலில் மிதந்துவிட்டுத் திரும்புவாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மெஷினில் உட்கார்ந்திருந்தது நாத்தனார். கல்லூரிப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“என் மெஷினை யாருடி தொடச் சொன்னது?”

“கும்பகர்ணன் தங்கச்சி எந்திரிச்சாச்சா? நர்ஸம்மா கோட்டுக்கு ஓரம் அடிச்சுட்டேன், அண்ணி. கோணலா இருந்தா எங்க அண்ணனைத் திட்டிக்கோங்க. திட்டு வாங்கன்னே பொறந்த மனுஷன்.”

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் கதவு தட்டப்பட்டது. கோட்டுக்குச் சொந்தக்காரியே வந்து நின்றாள்.

நர்ஸ் கோட்டை மாட்டி வலது கையைத் தூக்கினாள். தோள் முறுக்கிக்கொண்டது.

“என்னக்கா, கை பின்னாடி பார்க்குது?”

தையல்காரி கிட்டே போய்த் திருப்பிப் பார்த்தாள். கோட்டின் கை இரண்டுமே இடது கை! துணியின் நல்ல பக்கம் இரண்டும் முகத்தோடு முகம் பார்க்க மடிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே போட்டு வெட்டியிருக்கிறாள். தொழில் பழகுகிற முதல் வாரத்தோடு விட்டுப்போக வேண்டிய தப்பு. இருபது வருஷம் சோறு போட்ட கை!

“இனிமே என் கை எதுக்கும் உதவாது, சிஸ்டர்” என்றவள் ஸ்டூலில் சரிந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

நர்ஸ் கோபப்படவில்லை. அவளுடைய உப்பிய இமைகளைப் பார்த்தாள். உலர்ந்த கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“தைராய்டு மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“தினமும், வெறும் வயித்துல.”

அந்த நேரம் பார்த்து, கோட்டுக்குப் பட்டன் தேடிய நாத்தனார் பட்டன் டப்பாவைத் திறந்தாள். “இது என்ன அண்ணி, பாதிப் பாதியா பட்டன்?”

வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே குட்டிக் குட்டி அரை நிலாக்கள். ஒரு சட்டைத் துணியில் இரண்டு சட்டை வெட்டுகிற கெட்டிக்காரி, மாத்திரையையும் பிளேடால் அப்படியே வெட்டி வைத்திருந்தாள். ஒரு மாதத்து அட்டை இரண்டு மாதம் வரும்.

தையல்காரியின் கண் தானாகக் கல்லூரிப் பையின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அது போதுமே!

“என் ஃபீஸுக்கா, அண்ணி?” நாத்தனார் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

நர்ஸ் டப்பாவிலிருந்து ஒரு பாதியை எடுத்துக் காட்டினாள். “பாதி மாத்திரை போட்டா உடம்பும் பாதிதான்க்கா ஓடும். எங்க ஆஸ்பத்திரி மருந்துக் கடையில இதே மருந்து, பெரிய கம்பெனி பேரு இல்லாம இருக்கு. கால்வாசி விலை.”

“விலை குறைஞ்சா குணமும் குறையாதா?”

“ஒரே மில்லுத் துணிதான், ஓரத்துல வேற பேரை அச்சடிச்சு ரெண்டு விலைக்கு விக்கிறான்னு எனக்குச் சொன்னது யாரு?”

தையல்காரியின் வாயோரம் லேசாக விரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“ஆனா நீங்களா மாத்தாதீங்க. நாளைக்கே வாங்க, டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்க்கணும்.” நர்ஸ் கோட்டைக் கழற்றி மடித்து மெஷின்மேல் வைத்தாள். “இதுவும் இங்கேயே இருக்கட்டும். நல்லா தெளிஞ்சதும் வலது கையை நீங்களே வெட்டி வைங்க. வேற யாரும் தொடக்கூடாது.”

“அப்ப நான் அடிச்ச ஓரம்?” மூக்கை உறிஞ்சினாள் நாத்தனார்.

“அதை முதல்ல பிரிக்கணும்” என்றாள் தையல்காரி.

மூன்று பேரும் சிரித்தார்கள். நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவின் மஞ்சள் வெயிலில் இறங்கினாள். அந்த வெளிச்சத்தில் அவள் கரைந்து போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தையல்காரி தன் வலது கையாலேயே கதவைச் சாத்தினாள்.