குருவிப் பாலத்தில் கேட்ட விசில்

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஓர் ஆணியில் போலீஸ் விசில் ஒன்று தொங்குகிறது. கயிறு வெளுத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். "ஊதிப் பாக்கட்டுமா?" என்று கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி டெம்போ ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த விசில் என் மனைவியின் அண்ணனுடையது. எனக்கு மச்சான் முறை. சீசன் நேரத்தில் குற்றாலம் அருவியில் கூட்டத்தை ஒழுங்கு செய்கிற போலீஸ்காரர். அவர் விசில் ஊதினால் குளிக்கிறவர்கள் வெளியே வர வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் உள்ளே போகலாம். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வரிசையில் முன்னால் நின்று, மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். விசில் சத்தம் கேட்டதும், "நம்ம முறை!" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவாள்.

லீவு நாளில் மச்சானுக்கு வேறொரு கிறுக்கு. தகைவிலான் குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருக்கிற இடங்களைத் தேடி அலைவார். வால் கவையாகப் பிரிந்து, பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் சின்னக் குருவிகள் அவை. கீழப்பாவூர் குளத்துக்கரை, ஆய்க்குடி வயற்காட்டுக் கரண்டு கம்பி, சிற்றாற்றுப் பாலங்கள் என்று என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். "போலீஸ்காரரு குருவியப் புடிக்க வந்திருக்காரு, ஓடுங்கலே" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவர் கோபப்பட மாட்டார். தேடுவதும் போலீஸ் முறையில்தான். "குருவிக்குப் பின்னால ஓடாத மாப்ள. அது எங்கன ஈர மண்ணு எடுக்குதுன்னு பாரு. களவாணியத் தேடக் கூடாது, களவு போன சாமான் எங்கன போவுதுன்னு பாக்கணும்" என்பார். அவர் சொன்னது சரிதான். சேற்றில் இறங்கி வாயில் மண்ணோடு எழும்புகிற குருவி நேராகக் கூட்டுக்குத்தான் போகும். பிள்ளைகளே, நீங்களும் அப்படியே தேடுங்கள்.

அப்படித் தேடித்தான் தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றின் மேல் உள்ள அந்தப் பழைய பாலத்தைக் கண்டுபிடித்தார். அருவியில் சீசன் தொடங்காத கோடைக்காலம். ஆறு காய்ந்து, அங்கங்கே குட்டைதான் கிடந்தது. மகளும் எங்களோடு வந்திருந்தாள். கரையோரத்து மணல்மேட்டில் மருதமர நிழலில் அவளை உட்கார வைத்தார் மச்சான். "ஏட்டி, மாமா கூப்பிடாம எந்திரிக்கக் கூடாது, என்ன?" என்று சொல்லிவிட்டு என்னோடு நடு ஆற்றுக்கு வந்தார்.

பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மண்கூடுகள், குளவிக்கூட்டைப் பெரிதாக்கி அப்பியதுபோல. ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த வாய். சில வாய்களிலிருந்து சின்ன முகங்கள் எங்களைப் பார்த்தன. பாலம் முழுவதும் கீச்சுக் கீச்சென்று இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிட்டது. தாய்க்குருவிகள் எல்லாம் ஒரே உதறலில் வெளியேறி, சத்தமில்லாமல் வானத்தில் வட்டமிட்டன. கூட்டுக்குள் இருந்த குஞ்சுகள்கூட மூச்சு விடவில்லை. உச்சி வெயில். ஓர் இலை அசையவில்லை. பேசிக்கொண்டிருக்கிற கல்யாண வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அப்போது விசில் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு தரம். அருவியில் ஊதுவாரே, அதே மாதிரி.

"நம்ம முறை!" என்று மகள் சிரித்துக்கொண்டே மணல்மேட்டை விட்டு ஆற்றுக்குள் ஓடி வந்தாள். அவளைத் திட்ட நான் வாய் திறப்பதற்குள், மேற்கே பாயைச் சுருட்டி இழுக்கிறதுபோல் ஓர் இரைச்சல். சருகும் குச்சியுமாகச் செந்தண்ணீர் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. மலையில் எங்கோ மழை கொட்டியிருக்கிறது. மச்சான் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த எதிர்க்கரையைப் பார்த்து ஓடினோம். முழங்கால் தண்ணீரில்தான் ஏறினோம். திரும்பிப் பார்த்தால் மணல்மேட்டைக் காணோம். மருதமரம் வேரோடு சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. மாமா சொல்படி அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால்? அதற்கு மேல் இன்றுவரை என்னால் நினைக்க முடிந்ததில்லை.

கரையோரமாகவே நடந்து, பாலத்தின் மேல் பைக் நின்ற இடத்துக்கு வந்தோம். "நல்ல வேள மச்சான், விசில் அடிச்சிய" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நான் எங்கல அடிச்சேன்? நீ அடிச்சேன்னுல்லா நெனச்சேன்."

பைக் பெட்டியைத் திறந்தார். கயிறு சுற்றியபடி விசில் உள்ளேதான் இருந்தது. "குருவிச் சத்தமா இருக்குமோ?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். "குருவி எதுவும் அப்பிடிக் கத்தாது மாப்ள." மகள் மட்டும், "மாமாதான் ஊதுச்சு, நான் கேட்டேன்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகும் அவர் குருவி பார்க்கப் போனார். அந்தப் பாலத்தின் அடியில் மட்டும் இறங்கவில்லை. அருவிக்கு வேறு விசில் வாங்கிக்கொண்டார். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி பழைய விசிலை என் கையில் வைத்து, "அண்ணே, இத நீங்க கொண்டு போயிருங்க. வீட்டுல வச்சிருக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் குருவிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போன மாதம் கூட்டிக்கொண்டு போனேன். கீழே இறங்குவதில்லை என்று பேசிக்கொண்டு, கரையில் உயரமான இடத்தில் நின்றோம். ஆறு காய்ந்து கிடந்தது. பாலம் இரைந்துகொண்டிருந்தது. மாமாவிடம் கற்ற மாதிரியே, மண் எடுக்கிற குருவியை அவள் விரலால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

பாலம் சட்டென்று அமைதியானது. குருவிகள் மொத்தமாக வெளியே வந்தன.

அவள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, விசில் கேட்டுச்சா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"கேட்டுச்சு மக்கா. வா" என்றேன்.

வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். தெரியாது, நாங்கள் நின்று பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பேருமே நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தோம். விசில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.