அம்மி மேல ஏறுன ரெக்கார்டு பெட்டி

கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, உரக்கடைக்கு மேல மாடியில குடியிருக்கிற ரஞ்சிதாகிட்ட ஜாக்கெட் தைக்கக் கொடுத்தா அளவு ஒரு நூல் பிசகாது. ஆவுடையார்கோவில் பக்கம் பொறந்து, கல்யாணம் ஆகி இங்கிட்டு வந்தவ. மகளை வயித்துல சுமந்துக்கிட்டே மிஷின் மிதிச்சவ. அந்த மக இலக்கியா இப்ப திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. முகூர்த்த மாசம் வந்துட்டா ஹால்ல கால் வைக்க எடம் இருக்காது, எங்க பாத்தாலும் பட்டுத்துணிதான். கோபம் மட்டும் கொஞ்சம் கூட. அதுவும் இல்லேன்னா, நாளைக்குக் கல்யாணம்னு இன்னைக்குத் துணியைக் கொண்டாந்து நீட்டுறவங்களை எப்படிச் சமாளிக்கிறது?

புருசன் வசந்தகுமார் பஸ் டிரைவர். ஸ்பீடு பிரேக்கரைக் கண்டாலும் பிரேக்கைத் தொடாத மகராசன். கடைசி சீட்டுல உக்காந்தவன் தலை போய் மேல இடிச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டான். அப்பேர்ப்பட்ட ஆளுதான் ஆடி மாசம் காரைக்குடிப் பழைய சாமான் கடையிலேருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரைக் கைக்குழந்தை மாதிரி மார்போட அணைச்சுத் தூக்கிட்டு வந்தான். படியேறையில ஒரு குலுக்கல் இல்ல. பொறந்த பிள்ளையைக் கூட அவன் அப்படித் தூக்கினதில்லையேனு ரஞ்சிதா பாத்துக்கிட்டே நின்னா. வயித்தெரிச்சல் அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு.

பெட்டியை ஹால்ல மேசை மேல வெச்சு, தட்டைச் சுத்தவிட்டு, ஊசியை இறக்கினான். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஆனா ரஞ்சிதா அடுப்படியிலேருந்து ரெண்டு எட்டு நடந்து வந்தா, ஊசி துள்ளி அடுத்த வரிக்குப் போயிருச்சு. அவ மிஷின் மோட்டாரைப் போட்டா, பாட்டுக்குள்ள 'கொர்'னு ஒரு சத்தம். மாடித் தளம், லேசா மிதிச்சாலே அதிரும்.

"ரஞ்சி, மெதுவா நட."

"ரஞ்சி, மெதுவா மிதி."

"நான் என்ன யானையா?" அவளுக்குச் சுருக்குனு வந்துச்சு. நெறமாசமா இருந்தப்ப இதே மாடிப்படியில தண்ணிக்கொடம் தூக்கி ஏறுனாளே, அப்ப மெதுவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? முதுகு வலிக்குதுன்னா தைலத்தைத் தேச்சுக்கன்னு சொல்லிட்டுப் போறவன், ரெக்கார்டுத் தூசியைத் தொடைக்க அவ பத்திரமா வெச்சிருந்த வெல்வெட்டு வெட்டுத்துணியை எடுத்துக்கிட்டான். கேக்கக்கூட இல்ல.

"சக்களத்தியை நடுவீட்டுல கொண்டாந்து வெச்சிருக்காரு"னு தச்ச ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்ட வர்ற சொர்ணவல்லிகிட்ட வெளிப்படையாவே சொல்லிட்டா. சொர்ணவல்லி சிரிச்சா. ரஞ்சிதா சிரிக்கல.

வசந்தகுமார் சும்மா இருக்கிற ஆளா? பெட்டிக்கு அடியில பழைய பஸ் சீட்டு ஸ்பாஞ்சை வெச்சான். பெட்டி தொட்டிலாட்டம் ஆடுச்சு, ஊசி முன்னைவிடத் துள்ளுச்சு. ரெண்டு ரப்பர் பந்தைப் பாதி பாதியா வெட்டி நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தான். அதுவும் சரிப்படல. "மிஷினைக் கொஞ்சம் பின்னாடி ரூமுக்கு மாத்திக்கிறியா?"ன்னு ஒரு நாள் மெல்லக் கேட்டான்.

"என்னையும் சேத்து மாத்திருங்க"ன்னா ரஞ்சிதா. அதுக்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கல. ஒவ்வொரு வித்தையும் தோத்துப் போறப்ப அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. வேணும்னே குதிகாலை ஊனி நடப்பா. அவன் திரும்பிப் பாத்து "ரஞ்சி"ம்பான்.

ஒரு ஞாயித்துக்கிழமை நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிட்டு வந்தா. மேசை மேல அரைக்காத்து அடிச்ச ஸ்கூட்டி டியூப். அதுக்கு மேல அவளோட அம்மி. அம்மிக்கு மேல அந்தப் பெட்டி.

அவ அம்மா வீட்டுல சீரோட கொடுத்த அம்மி அது. கல்யாணத்தன்னைக்கு ஊர் முன்னாடி குனிஞ்சு, அவ வலது காலைக் கையில ஏந்தி இந்தக் கல்லு மேலதான் வெச்சான். மெட்டி போடையில அவன் நிமிந்து அவ மொகத்தைப் பாத்தது இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கு.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நீதான் மிக்ஸியில அரைக்கிறியே? சும்மாதானே கெடந்துச்சு. கீழ மெத்துனு ஒண்ணு, மேல கனமா ஒண்ணு இருந்தா அதிர்வு ஏறாதாம். இப்பப் பாரு."

"நான் கால் வெச்ச கல்லு அது!"

"கழுவித்தான் வெச்சேன் ரஞ்சி."

இந்த ஆம்பளையை என்ன செய்ய? அவன் ஊசியை இறக்கிட்டு நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிட்டான். அவ அந்தப் பக்கம் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு நடை, தரை அதிர நடந்தா. ஊசி அசையல. மிஷின்ல உக்காந்து முழு வேகத்துல பெடலை அழுத்தினா. கொர்ருங்கிற சத்தம் இல்ல. கீழ உர மூட்டை ஏத்திக்கிட்டு லாரி கெளம்புச்சு, ஜன்னல் கண்ணாடியே நடுங்குச்சு. பாட்டு தண்ணி மாதிரி ஓடுது. அவன் மொகத்துல அப்படி ஒரு நிம்மதி.

அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுது. இத்தனை நாளா அந்த 'மெதுவா'வைக் கேட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தா. இனிமே அதுவும் கெடையாது. இந்த வீட்டுல அவ நடந்தாலும் ஒண்ணுதான், நடக்காட்டியும் ஒண்ணுதான்.

எழுந்து போயி, ரெண்டு விரலால ஊசியைத் தூக்கிட்டா. நாளெல்லாம் ஊசியோட பொழைக்கிறவ, ஒரு கீறல் விழல.

வசந்தகுமார் பதறி எழுந்தான். "என்னாச்சு? கரண்டு போச்சா?"

"இவ்வளவு நேரம் மிஷின் ஓட்டினேனே, கேட்டுச்சா?"

அவன் யோசிச்சான். பொய் சொல்லத் தெரியாத மனுசன். "நீ மிஷின்ல உக்காந்ததே தெரியல ரஞ்சி."

"அம்மியை எடுங்க."

"எடுத்தா மறுபடியும் துள்ளுமே."

"துள்ளட்டும்"ன்னா ரஞ்சிதா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு, தொடைக்கல. "அது துள்ளுனாத்தான் நான் ஒருத்தி இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுது."